மன்னன் முகம் போன பாறை

ஞாயிற்றுக்கிழமை காலையில் மெக்சிகோ நகரத்தின் சாபுல்தெபெக் பூங்காவுக்குள் நுழைந்தால் திருவிழாக் கூட்டம். பலூன் விற்பவர்கள், பஞ்சு மிட்டாய் விற்பவர்கள், மாங்காயைக் கீற்றாக நறுக்கி எலுமிச்சை பிழிந்து மிளகாய்த்தூள் தூவிக் கொடுப்பவர்கள். பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒரு கூட்டம் விலங்குக் காட்சிசாலைக்குப் போகும். இன்னொரு கூட்டம் குன்றின் உச்சியில் இருக்கும் கோட்டை மாளிகைக்கு ஏறும். குன்றின் கிழக்கு அடிவாரத்தில், மரநிழலில், ஒரு பாறை இருக்கிறது. அதன் பக்கம் திரும்புகிறவர்கள் குறைவு.

பாறையை முதலில் பார்க்கும்போது எதுவும் பிடிபடாது. பொரிந்து போன கல், பாசி, குழிகள். கொஞ்ச நேரம் நின்று, வெயில் சாய்வாக விழும் கோணத்தில் பார்த்தால் கோடுகள் ஒவ்வொன்றாக எழும்பி வரும். நிற்கும் ஒரு மனிதனின் வடிவம். உடுப்பின் மடிப்பு போல ஏதோ ஒன்று. முடிச்சுப் போட்ட கயிறு. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கல்.

இங்கே நின்றவர் அஸ்டெக் பேரரசின் மன்னர் இரண்டாம் மொக்தெசுமா. 1502 முதல் 1520 வரை ஆண்டவர். தம் உருவம் இந்தக் குன்று உள்ளவரை நிற்கும் என்று நம்பிச் செதுக்கச் சொன்னவர். குன்று இருக்கிறது. முகம் இல்லை.

அன்று: ஊற்றுக்கு மேலே ஓர் அரச வரிசை

சாபுல்தெபெக் என்றால் நாவாட்ல் மொழியில் வெட்டுக்கிளிக் குன்று. மெட்ரோ நிலையத்தின் சின்னத்தில்கூட இன்றும் ஒரு வெட்டுக்கிளிதான் உட்கார்ந்திருக்கிறது. குன்றின் அடியில் நன்னீர் ஊற்றுகள் இருந்தன. ஏரி நடுவே தீவில் எழுந்த தலைநகரம் தெனோச்தித்லானைச் சுற்றி நீருக்குக் குறைவில்லை. ஆனால் அதில் பெரும்பகுதி உப்பு நீர். குடிக்க வேண்டுமென்றால் சாபுல்தெபெக் ஊற்றிலிருந்து கால்வாய் வழியாக வர வேண்டும். நகரத்தின் தாகம் தீர்த்த இடம் இது. அதனாலேயே புனிதமான இடமாகவும் ஆனது.

அந்த ஊற்றுக்கு மேலே பாறையில் தம் உருவத்தைப் பதிப்பது மெஷிகா மன்னர்களின் வழக்கமானது. மெஷிகா என்பது அஸ்டெக் மக்கள் தங்களை அழைத்துக்கொண்ட பெயர். 1440 முதல் 1469 வரை ஆண்ட முதலாம் மொக்தெசுமா தம் உருவத்தையும், தமக்கு வலக்கையாக இருந்த சகோதரர் த்லகாயெலெலின் உருவத்தையும் இங்கே செதுக்கச் செய்தார் என்று 16ஆம் நூற்றாண்டு தொமினிக்கன் துறவி தியேகோ துரான் எழுதுகிறார். அடுத்து வந்தவர்களும் அதே வழியில் போனார்கள். குன்றின் அடிவாரம் ஓர் அரச வரிசையாக மாறியது.

இரண்டாம் மொக்தெசுமா தம் முறைக்காக இங்கே வந்தது ஸ்பானியர்கள் கரையேறுவதற்குச் சற்று முன்பு. அதற்குப் பின்னால் ஒரு கல்லின் கதை இருக்கிறது. தலைமைக் கோயிலுக்கு முன்னோர் வைத்ததைவிடப் பெரிய பலிக்கல் வேண்டும் என்று மன்னர் கேட்டார். தெற்கே சால்கோ பகுதியில் ஒரு மாபெரும் பாறை கிடைத்தது. பாரம் இழுக்கும் விலங்கோ, சக்கர வண்டியோ அந்த நாட்டில் அப்போது கிடையாது. உருட்டுக் கட்டை, நெம்புகோல், வடம், மனிதத் தோள் ஆகியவைதான் எல்லாம். ஆயிரக்கணக்கானோர் இழுத்தார்கள். வடங்கள் அறுந்தன. நறும்புகை போட்டார்கள், பாடினார்கள், ஆடினார்கள். கல் வாய் திறந்து பேசியதாம். என்னை இழுத்துப் பயனில்லை, காலம் கடந்துவிட்டது என்ற பொருளில். ஒருவழியாக நகரத்தின் வாசல்வரை வந்த கல், ஷொலோகோ பாலத்தை உடைத்துக்கொண்டு நீரில் விழுந்தது. முக்குளிப்பவர்கள் இறங்கித் தேடினார்கள், கிடைக்கவில்லை. பிறகு பார்த்தால், கட்டிய கயிறுகளோடு தன் பழைய இடத்திலேயே போய் உட்கார்ந்திருந்தது.

இது பின்னர் ஸ்பானியர்களிடம் தோற்ற மக்கள் தங்கள் தோல்விக்குக் காரணம் தேடிச் சொன்ன கதை. அப்படியிருந்தும் அதில் ஓர் உண்மை இருக்கிறது. கல்லை நகர்த்துவது எவ்வளவு பெரிய பாடு என்பது அவர்களுக்குத் தெரியும். கல்லின் விருப்பத்தைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது என்ற எண்ணமும் இருந்தது. நகர மறுத்த கல்லுக்குப் பிறகுதான், நகர்த்தத் தேவையில்லாத பாறையில் தம் உருவத்தைச் செதுக்க மொக்தெசுமா ஆணையிட்டார் என்கிறார் துரான். வேலை முடிந்து பார்க்க வந்த மன்னர் அழுதாராம். உடம்பும் இந்தக் கல்லைப் போல நிலைத்தால் யார் சாவுக்கு அஞ்சுவார், என்னைப் பற்றி மிஞ்சப் போகும் நினைவு இதுதானே என்று வருந்தினாராம்.

அன்று: இரும்பில்லாத உளி

அந்தச் சிற்பிகளின் பெயர் ஒன்றுகூட நம்மிடம் இல்லை. அவர்களுக்கு மன்னர்கள் துணியும் மக்காச்சோளமும் கொக்கோவும் கூலியாகக் கொடுத்ததாக வரலாற்றுக் குறிப்புகள் சொல்கின்றன. கொக்கோக் கொட்டை அங்கே சந்தையில் செல்லுபடியான நாணயம்.

அவர்கள் கையில் இரும்பு இல்லை. கல்லைக் கல்லால்தான் வென்றார்கள். கெட்டியான கருங்கல் உருண்டைகளைச் சுத்தியலாகக் கொண்டு அடித்து அடித்து மேற்பரப்பை இறக்கினார்கள். சிக்கிமுக்கிக் கல்லின் கூர்முனையாலும் செம்பு உளியாலும் நுண்ணிய கோடுகளைக் கீறினார்கள். பிறகு மணலும் நீரும் சேர்த்துத் தேய்த்தார்கள். எரிமலைக் கல்லில் சிறு துளைகள் நிறைந்திருக்கும். அதில் இமைக்கோடு வரைக்கும் தெளிவாக இறக்க வேண்டுமென்றால் எத்தனை நாள் தேய்த்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம்.

வேலை அத்தோடு முடியாது. சிற்பத்துக்கு வண்ணம் பூசினார்கள். சிவப்பு, காவி மஞ்சள், நீலம், கறுப்பு, வெள்ளை என ஐந்து வண்ணங்கள் தலைமைக் கோயிலின் சிற்பங்களில் கண்டறியப்பட்டிருக்கின்றன. இன்று அருங்காட்சியகத்தில் சாம்பல் நிறமாக நிற்பவற்றில் பலவும் அன்று வெயிலில் பளீரென்று ஒளிர்ந்தவை. அஸ்டெக் கலை என்றாலே இருண்டது, கடுமையானது என்று நாம் நினைப்பதில், உதிர்ந்துபோன வண்ணத்துக்கும் பங்கு உண்டு.

சாபுல்தெபெக் பாறையில் மொக்தெசுமாவை சீபே தோதெக் என்ற தெய்வத்தின் கோலத்தில் செதுக்கினார்கள் என்று அறிஞர்கள் கண்டிருக்கிறார்கள். பக்கத்தில் அவர் பெயர்க்குறி. பெயரை எழுத்துக் கூட்டி எழுதும் முறை அங்கில்லை. பிரபுக்கள் அணியும் முக்கோண நெற்றிப்பட்டத்தைச் செதுக்கினால் அது மொக்தெசுமா. அதன் முன்னே சுருண்டெழும் ஒரு சுருள், பேச்சைக் குறிக்கும். மன்னருக்கு நாவாட்லில் வழங்கிய சொல்லுக்கே பேசுகிறவர் என்றுதான் பொருள். கயிற்று முடிச்சோடு ‘இரண்டு நாணல்’ என்ற ஆண்டுக்குறியும் உண்டு. 52 ஆண்டுச் சுற்று முடிந்து, பழைய நெருப்பை அணைத்துப் புதிய நெருப்பு மூட்டிய 1507ஐ அது சுட்டுகிறது. அது இவருடைய ஆட்சியில் நடந்த பெருஞ்சடங்கு.

அன்று: ஐந்தே ஆண்டு ஆண்டவரின் வெற்றிக் கல்

நகர்த்த முடியாத பாறையில் ஒரு மன்னர் என்றால், நகர்த்திய கல்லில் இன்னொருவர். மொக்தெசுமாவுடைய தந்தையின் சகோதரர் தீசோக். 1481 முதல் 1486 வரை ஐந்தே ஆண்டுகள் ஆண்டவர். முடிசூட்டுக்கு முன்னோட்டமாக மெத்ஸ்தித்லான் மீது அவர் தொடுத்த போரே சரியாக அமையவில்லை. போரில் ஊக்கமில்லாத மன்னர் என்று அரண்மனையிலேயே பேச்சு எழுந்தது. நஞ்சு வைத்துக் கொன்றுவிட்டார்கள் என்றும் துரான் எழுதியிருக்கிறார்.

அவருடைய கல்லைப் பார்த்தால் அந்த ஏச்சில் ஒன்றும் தெரியாது. சுமார் 2.65 மீட்டர் குறுக்களவு, ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த உயரம், வட்டமான பெரிய எரிமலைக் கல். மேல்முகத்தில் கதிர் பரப்பும் சூரியன். பக்கச் சுவரைச் சுற்றி 15 இணைகள். ஒவ்வோர் இணையிலும் ஒரு வீரன் இன்னொருவனின் தலைமுடியைப் பற்றி நிற்கிறான். பற்றியவன் நிமிர்ந்து நிற்க, பற்றப்பட்டவன் குனிந்து படைக்கலத்தைத் தாழ்த்துகிறான். அவன் தலைக்கருகே எந்த ஊர் தோற்றது என்பதற்கான குறி. மேலே விண்மீன் வரிசை, கீழே நிலத்தின் வரிசை. வானுக்கும் பூமிக்கும் நடுவே நடப்பது போர் மட்டும்தான் என்று கல் சொல்கிறது.

15 வெற்றி வீரர்களில் 14 பேர் ஒரே அச்சில் வார்த்தது போல இருப்பார்கள். ஒருவர் மட்டும் வேறு. அவர் தலையில் ஹுயித்ஸிலோபொச்த்லி என்ற குலதெய்வத்துக்குரிய ஓசனிச்சிட்டுத் தலையணி. பின்னால் ஒரு காலின் உருவம். அதுதான் தீசோக்கின் பெயர்க்குறி. அவர் பிடியில் இருப்பவன் தொலூகா பள்ளத்தாக்கின் மத்லத்ஸிங்கா மக்களைச் சேர்ந்தவன். அடையாளம் ஒரு வலை.

மற்ற 14 ஊர்களில் பெரும்பாலானவை முன்னோர்கள் வென்றவை. எல்லாவற்றையும் ஒரே வட்டத்தில் அடுக்கி அதில் தம்மையும் நிறுத்திக்கொண்டார் தீசோக். ஓர் அரச மரபின் கணக்குப் புத்தகம் இந்தக் கல். இந்த வடிவம் அவர் கண்டுபிடித்ததும் இல்லை. தாத்தா முதலாம் மொக்தெசுமாவுக்கும் இதே போல வட்டக் கல் உண்டு. அதில் 11 வெற்றிகள். அது 1988இல்தான் வெளியே வந்தது. எங்கிருந்து தெரியுமா? நகரின் பழைய பேராயர் மாளிகையின் முற்றத்துக்கு அடியிலிருந்து.

இடையில்: கல்லுக்குக் கிடைத்த புது வேலைகள்

1521 ஆகஸ்ட் 13 அன்று தெனோச்தித்லான் ஸ்பானியர்களிடம் விழுந்தது. அதன்பிறகு கல் அதே கல்லாக இருந்தும் அதற்கு வேறு வேலைகள் கொடுக்கப்பட்டன. கோயிலை இடித்த கற்கள் மாளிகைக்கும் தேவாலயத்துக்கும் அடித்தளமாயின. தெய்வ உருவம் செதுக்கிய கல்லைப் புரட்டிப் போட்டு, அதைத் தூணின் அடியாகக் குடைந்தார்கள். சில பெரிய கற்கள் சதுக்கத்தில் கொஞ்ச காலம் கண்ணில் படும்படி கிடந்தன. பழைய பலிகளின் நினைவே வேண்டாம் என்று பேராயர் மொந்துஃபார் அவற்றில் ஒன்றைப் புதைக்கச் சொன்னார்.

புதைத்தவர்கள் காப்பதற்காகப் புதைக்கவில்லை. ஆனால் புதைத்ததுதான் காப்பாற்றியது. மண்ணுக்குள் போனவை தப்பின. குன்றோடு குன்றாக நின்ற சாபுல்தெபெக் உருவங்களுக்கு ஒளிய இடமில்லை. வெற்றிக்குப் பின் இரு நூற்றாண்டுகளுக்கு மேல் அவை மழையிலும் வெயிலிலும் நின்றன. 18ஆம் நூற்றாண்டில் அவற்றை உடைக்க உத்தரவு வந்தது என்று வானியல் அறிஞர் அந்தோனியோ தே லெயோன் இ காமா எழுதி வைத்திருக்கிறார். எதிரிப் படை அழித்ததல்ல அது. போர் முடிந்து தலைமுறைகள் கழிந்த பின், அமைதிக் காலத்தில், ஓர் உத்தரவால் நடந்த அழிப்பு. அதை எண்ணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. இன்னும் சில பத்தாண்டுகள் யாரும் கை வைக்காமல் இருந்திருந்தால் அந்த முகம் தப்பியிருக்கும்.

ஏனென்றால் காற்று அதற்குள் திசை மாறத் தொடங்கிவிட்டது. வைஸ்ராய் ரெவில்யாஹிஹேதோ தலைமைச் சதுக்கத்தைச் சமப்படுத்தி, வடிகால் வெட்டி, தளம் போடச் செய்தார். மண்வெட்டி பட்ட இடமெல்லாம் பழைய நகரம் எழுந்தது. 1790 ஆகஸ்ட் 13 அன்று கோவாத்லிகுவே என்ற தாய்த்தெய்வம். அதே ஆண்டு டிசம்பர் 17 அன்று, இன்று உலகமே அஸ்டெக் நாட்காட்டி என்று அழைக்கும் சூரியக் கல். சரியாக ஓராண்டு கழித்து 1791 டிசம்பர் 17 அன்று தீசோக்கின் கல். முந்திய இரண்டைப் பற்றியும் லெயோன் இ காமா 1792இல் நூலே வெளியிட்டார். உடைக்க வேண்டியது என்றிருந்த பொருள் படிக்க வேண்டியது என்று ஆனது.

தீசோக்கின் கல் மயிரிழையில் தப்பியது. தளம் போட அதைத் துண்டு துண்டாக உடைக்க ஆட்கள் தயாரானபோது, அந்த வழியாகப் போன பேராலயக் குரு காம்போவா தடுத்தார் என்று சொல்வார்கள். பிறகு பேராலய முற்றத்திலேயே அதைப் புதைத்து, சூரியன் இருக்கும் மேல்முகத்தை மட்டும் வெளியே தெரியும்படி விட்டார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் 15 வீரர்களும் மண்ணுக்குள்ளேயே நின்றார்கள். கோயிலுக்குப் போகிறவர்களின் காலடிக்குப் பக்கத்தில், அவர்கள் பார்வையில் படாமல்.

மெக்சிகோ விடுதலை பெற்றதும் கல்லுக்கு அடுத்த வேலை வந்தது. 1825இல் தேசிய அருங்காட்சியகம் தொடங்கப்பட்டது. ஸ்பெயின் வருவதற்கு முன்பும் எங்களுக்கு நகரமும் சட்டமும் கலையும் இருந்தன என்று சொல்லப் புதிய நாட்டுக்குச் சாட்சி தேவைப்பட்டது. 1887இல், தெனோச்தித்லானின் கடைசி மன்னரான குவாஹ்தெமோக்குக்கு ரெஃபோர்மா பெருஞ்சாலையில் வெண்கலச் சிலை எழுந்தது. அதே ஆண்டு, அருங்காட்சியகத்தில் பெருங்கற்களுக்கெனத் தனிக் கூடம் திறக்கப்பட்டது. மன்னர் தம் புகழுக்குச் செதுக்கியதை இப்போது ஒரு நாடு தன் புகழுக்குக் காட்டியது.

இன்று: ஒரே பூங்காவில் இருவர்

1964இல் திறந்த தேசிய மானிடவியல் அருங்காட்சியகம் இருப்பது இதே சாபுல்தெபெக் பூங்காவில்தான். கட்டடக் கலைஞர் பேத்ரோ ராமீரெஸ் வாஸ்கெஸ் வடிவமைத்தது. முற்றத்தில் ஒற்றைத் தூணில் நிற்கும் பெருங்கூரையிலிருந்து நீர் திரையாகக் கொட்டும். அதைக் கடந்து உள்ளே போனால் மெஷிகா கூடம். எதிரே சூரியக் கல். தீசோக்கின் கல்லும் இங்கேதான். சுற்றி நடந்து 15 இணைகளையும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். பள்ளிப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தில் வரைவார்கள்.

அந்தக் கல்லின் முன் நின்று ஒரு நொடி கணக்குப் போட்டுப் பாருங்கள். பலிக்கல்லாகப் பிறந்தது. தோல்விக்குப் பின் புதைபொருள் ஆனது. தளக்கல் ஆகவிருந்தது. பேராலய முற்றத்தின் தரையில் கிடந்தது. பிறகு ஒரு நாட்டின் சான்றுப் பத்திரம் ஆனது. இன்று ஒரு பிள்ளையின் வீட்டுப்பாடம். ஒவ்வொரு காலமும் அதற்கு ஒரு வேலை கொடுத்தது. கல் கெட்டியாக இருந்ததால் மட்டும் அது பிழைக்கவில்லை. ஒவ்வொரு காலத்திலும் அதனால் யாருக்கோ ஏதோ ஒரு பயன் இருந்தது. பயனில்லை என்று நினைத்த ஒரு காலத்தில் யாரோ ஒருவர் கையை நீட்டித் தடுத்தார்.

இன்று அந்தக் கை சட்டமாக நீண்டிருக்கிறது. 1972இல் வந்த சட்டப்படி மண்ணுக்கடியில் கிடைக்கும் ஸ்பானியர்களுக்கு முந்தைய பொருள் எதுவும் நாட்டின் சொத்து. 1978 பிப்ரவரியில் மின்கம்பி பதிக்கப் பள்ளம் தோண்டிய தொழிலாளர்கள் கோயோல்ஷாவ்கி என்ற தெய்வத்தின் வட்டக் கல்லைக் கண்டதும் வேலை நின்றது. அந்தப் பள்ளத்திலிருந்துதான் தலைமைக் கோயிலின் அகழாய்வு விரிந்தது. 2006 அக்டோபரில் அதே வளாகத்தில் த்லால்தெகுத்லி என்ற நிலத்தெய்வத்தின் கல் கிடைத்தது. நீளம் 4 மீட்டருக்கு மேல், எடை சுமார் 12 டன். அதில் வண்ணம் ஒட்டியிருந்தது. அந்தக் கல்லில் உள்ள குறி, தீசோக்கின் தம்பி அஹுயித்ஸோத்ல் இறந்த 1502ஐச் சுட்டுகிறது. 1791இல் உடைக்கக் கை ஓங்கிய அதே நகரத்தில் இப்போது தூரிகையால் மண் துடைத்து, வண்ணம் உதிராமல் காக்க மாதக் கணக்கில் பாடுபடுகிறார்கள். அன்றைக்கும் இன்றைக்கும் இடையே நான் காணும் ஆகப்பெரிய மாற்றம் இதுதான்.

இன்றும் அடங்காத உளி

கல்வேலை அருங்காட்சியகத்தோடு முடிந்துவிடவில்லை. நகரத்துக்குக் கிழக்கே சிமல்வாகான் என்ற ஊர் கல்தச்சர்களுக்குப் பெயர்போனது. நீரூற்றும் தூணும் தெய்வச் சிலையும் அங்கே செதுக்குகிறார்கள். நாடு முழுவதும் வீடுகளில் அரைக்கப் பயன்படும் மெதாதே என்ற அம்மியும், மோல்காஹேதே என்ற மூன்று கால் கல்லுரலும் அதே எரிமலைக் கல்லில் செய்தவை. இரண்டு பெயருமே நாவாட்லிலிருந்து வந்தவை. அந்த மொழியை இன்றும் சுமார் 16 லட்சம் பேர் பேசுகிறார்கள்.

கருவி மாறிவிட்டது. கருங்கல் உருண்டை இருந்த கையில் இரும்பு உளியும் மின்சார அறுப்பானும் வந்துவிட்டன. மணலும் நீரும் கொண்டு நாள்கணக்கில் தேய்த்ததைச் சக்கரம் ஒரு மணி நேரத்தில் தேய்த்துவிடும். கூடவே வந்தது தூசி. அறுப்பான் கிளப்பும் நுண்தூசி நுரையீரலில் படிந்து மூச்சை அடைக்கும் நோய், உலகெங்கும் கல்வேலை செய்கிறவர்களுக்கு இருக்கும் ஆபத்து. மாறாத ஒன்றும் உண்டு. உளியை வைப்பதற்கு முன் கல்லைத் தட்டிப் பார்ப்பது. கணீரென்று ஒலித்தால் கல் முழுசு. மொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல்.  காதுதான் வேண்டும்.

மன்னர்களின் சிற்பத்தைச் செய்தவர்களுக்குக் கல்லில் பெயர் கிடையாது. சந்தையில் இன்று கல்லுரல் வாங்குகிறவரும் செய்தவரின் பெயரைக் கேட்பதில்லை. பெயர் வேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள் எப்போதும் செதுக்கச் சொன்னவர்கள்தான். ஆனால் இன்று மொக்தெசுமாவின் பாறையின் முன் நிற்கும்போது, நாம் படிப்பது அந்தப் பெயர் தெரியாத கைகளின் வேலையைத்தான்.

மீண்டும் பாறை அருகே

மாலையில் கூட்டம் கலையும். பலூன்காரர் மிச்சத்தைக் கட்டிக்கொண்டு போவார். ஊற்று வற்றி வெகுகாலம் ஆயிற்று. மன்னர் காலத்தைக் கண்டதாகச் சொல்லும் பெரிய அஹுயேஹுயேதே மரம் ஒன்று 1969இல் பட்டுப்போய் அடிமரமாக நிற்கிறது. உச்சியில் 1785இல் கட்டத் தொடங்கிய மாளிகை, வைஸ்ராய்க்கென எழும்பி, பேரரசர் மாக்சிமிலியானுக்கு இல்லமாகி, இப்போது வரலாற்று அருங்காட்சியகமாக இருக்கிறது. அதைக் கட்டச் சொன்னவர்களின் ஆட்சியும் போய்விட்டது.

சாயும் வெளிச்சத்தில் பாறையை இன்னொரு முறை பாருங்கள். இரண்டு வகை வெட்டுகள் தெரியும். ஒன்று பொறுமையாக அடித்து இறக்கியது, விளிம்பு உருண்டது. மற்றொன்று உடைக்க அடித்தது, தாறுமாறானது. உடைத்தவர்கள் உருவத்தைத்தான் குறிவைத்தார்கள். உடம்பு பெரும்பாலும் போயிற்று, தலை முழுவதும் போயிற்று. பக்கத்தில் சிறியதாக இருந்த பெயர்க்குறியில் கொஞ்சம் தப்பி நிற்கிறது. நெற்றிப்பட்டமும், அதன் முன்னே சுருளும் பேச்சும்.

தம்மைப் பற்றி இந்த உருவம் மட்டுமே மிஞ்சும் என்று இதே இடத்தில் நின்றுதான் மன்னர் அழுதார் என்கிறது பழைய கதை. உருவம் மிஞ்சவில்லை. பேசுகிறவர் என்ற குறி மிஞ்சியது. வாயில்லாத பாறை அதை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒரு பிள்ளையாவது அப்பாவின் கையை இழுத்து, இது யார் என்று கேட்டால் போதும்.